அகழ்பொருளும் அநாதிப்பொருளும்

மண்ணை அகழ்ந்து பண்டையோர் விட்டுச்சென்ற பொருள்களை வெளிக்கொணர்ந்து ஆராயும் தொல்பொருளாராய்ச்சி சென்ற இரண்டு நூற்றாண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளது. அதனோடு ஒரு வினாவும் வளர்ந்துள்ளது. தொன்றுதொட்டு மக்கள் நம்பிவரும் கொள்கைகளும், புராணங்களும், தலவரலாறுகளும், ஊர்தோறும் வழங்கும் பழங்கதைகளும் அகழ்வில் கிடைக்கும் பொருள்களால் மெய்ப்படுமோ பொய்ப்படுமோ என்பதே அவ்வினா. இதற்கு விடைகூறுவார் இருதிறத்தர். ஒருசாரார், மண்ணுள் சான்று கிடைத்திலாதன அனைத்தும் கற்பனையே என்று கழிப்பர். மற்றொருசாரார், ஓட்டுத்துண்டு ஒன்று கிடைப்பினும் தம் புராணம் நிலைநாட்டப்பெற்றது என்று களிப்பர். இவர் தம்முள் மாறுபட்டாரேனும் ஒன்றில் ஒத்தவராவர்; மண்வெட்டியைச் சமயத்துக்கு நடுவராக்கினமையே அவ்வொப்புமை. அந்நடுவர்க்கு எவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரம் உண்டு, எவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்பதனை அளவைநூல் வழிநின்று ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் ஆசிரியர் அளவையைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக அடக்கினர். ஒவ்வோர் அளவைக்கும் அதற்குரிய விடயம் உண்டு. ஓசையைக் கண்ணாலும் நிறத்தைச் செவியாலும் அளக்கப் புகுவார் இலர். அகழ்வில் ஒரு தாழி வெளிப்படின், அத்தாழி காட்சியளவையால் அறியப்படும். அதனை வனைந்தார் எக்காலத்தவர், எதன்பொருட்டு அதனைப் புதைத்தனர் என்பன காட்சியாகா, கருதலளவையால் துணியப்படுவனவேயாம். கருதலுக்கு வேண்டும் ஏதுவை இயல்பு, காரியம், அநுபலத்தி என மூவகைப்படுத்திச் சிவஞானசித்தியார் அளவையியல் கூறும். தொல்பொருளாராய்ச்சி பெரும்பான்மையும் காரியவேதுவைப் பற்றியே நடப்பது. புகை நெருப்பைக் காட்டுதல் போல, தாழி குயவனையும், சாம்பல் அடுப்பையும், படகுத்துறை வாணிகத்தையும் காட்டும். ஆயின், புகை நெருப்பைக் காட்டுமேயன்றி, அந்நெருப்பை மூட்டினான் உள்ளத்திருந்தது வேள்வியோ உணவோ பகையோ என்பதனைத் தானே காட்டமாட்டாது. இவ்வெல்லையை மறந்தவிடத்தே பிழை தோன்றும்.

மேல்நாட்டு வரலாறு ஒன்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டாம். ஹோமர் பாடிய டிராய் நகரப் போரைப் பலரும் வெறுங்கதை என்றிருந்த காலத்தில், ஜெர்மானியராகிய ஷ்லீமன் என்பார், 1870-ஆம் ஆண்டு முதலாகத் துருக்கியிலுள்ள ஹிசார்லிக் என்னும் மேட்டை அகழ்ந்தார். நகரம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளாய் ஆண்டு வெளிப்பட்டது. 1873-ல் பொன்னணிகள் பல கிடைத்தன. அவற்றை அவர் காப்பியத்துள் வரும் பிரியம் மன்னனது செல்வம் என்று உலகுக்கு அறிவித்தார். பின்வந்தோர் ஆராய்ந்தபொழுது, அவ்வணிகள் கிடைத்த அடுக்கு, போர் நிகழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முற்பட்டது என்று தெரிந்தது. அதனினும் இரங்கத்தக்கது ஒன்றுண்டு. அடியிலுள்ளதே தாம் தேடிய நகரம் என்ற துணிவால் அவர் வெட்டிய பெரும்பள்ளம், மேலடுக்குகளில் இருந்த பிற்காலத்து நகரின் பகுதிகளை அழித்துவிட்டது. தாம் போற்றிய காப்பியத்தின் நகரைத் தம் ஆர்வத்தாலேயே சிதைத்தார் என்பது பொருந்தும். பழங்கதையில் வரும் ஊர் மெய்யாதல் கூடும் என்பதும், அதனைக்கொண்டு கதை முழுதும் மெய்யென்று விரைதல் கேடாம் என்பதும் இவ்வொரு செய்தியால் விளங்கும்.

நம் நாட்டிற் காவிரிப்பூம்பட்டினத்தின் வரலாறும் இத்தகையதே. சோழன் தன் மகனை இழந்த துயரால் இந்திரவிழாவைச் செய்யாதொழிந்தமையின் தெய்வச் சாபத்தால் அந்நகரைக் கடல்கொண்டது என்று மணிமேகலை கூறும். 1960-களில் இந்தியத் தொல்பொருளாய்வுத் துறையினர் அகழ்ந்தபொழுது, கீழையூரிற் செங்கல்லாற் கட்டிய படகுத்துறையும், வானகிரியில் நீர்த்தேக்கமும், பல்லவனேச்சரத்திற் புத்தவிகாரமும் வெளிப்பட்டன. பின்னர்க் கடலோரத்தே நீர் ஏறியிறங்கும் இடங்களில் உறைகிணறுகளும் செங்கற் கட்டடங்களும் காணப்பட்டன. இவற்றால் ஆண்டு ஒரு வளமான துறைநகர் இருந்ததும், கடல் நிலத்துட் புகுந்ததும் துணியப்படும். ஆயின், கடல் ஒரே இரவிற் பொங்கிற்றோ, பல தலைமுறையாகக் கரையை அரித்ததோ என்பது வேறாக ஆராயத்தக்கது. விழா ஒழிந்தமையால்தான் கடல் வந்தது என்பதோ எக்கிணற்றின் உறையிலும் எழுதப்பட்டிருப்பதன்று.

ஆகவே ஒரு பழங்கதையுள் இடம், நிகழ்ச்சி, அந்நிகழ்ச்சிக்குக் கூறப்படும் தெய்வவேது என மூன்று பகுதிகள் உள்ளன என்று கொள்ளல் வேண்டும். இடத்தை மண்வெட்டி நன்கு காட்டும். நிகழ்ச்சியை ஓரளவு காட்டும். தெய்வவேதுவை அது நிறுவவும் மாட்டாது, மறுக்கவும் மாட்டாது. முன்னிரண்டிற்குக் கிடைத்த சான்றை மூன்றாவதற்கும் உரியதாக்குவார் ஏமாறுவர். மூன்றாவதற்குச் சான்றில்லை என்று முன்னிரண்டையும் தள்ளுவாரும் ஏமாறுவர்.

இனிச் சைவர் பலர் பெரிதும் எடுத்துப் பேசும் ஒரு பொருளை இவ்வழியே ஆராய்வாம். சிந்துவெளியில், இப்பொழுது பாகிஸ்தானத்திலுள்ள மொகஞ்சதாரோவில், 1928-29-ல் மக்கே என்பார் அகழ்வு நடத்தியபொழுது மூன்றரை சென்டிமீட்டர் அளவினதாகிய மாக்கல் முத்திரை ஒன்று கிடைத்தது. கொம்புடைய முடியணிந்த ஓர் உருவம் பீடத்தின்மேல் கால்மடித்து அமர்ந்திருக்கின்றது. யானை, புலி, காண்டாமிருகம், எருமை என்பன அதனைச் சூழ்ந்துள்ளன. பீடத்தின்கீழ் மான்கள் இரண்டு உள்ளன. மேலே சில எழுத்துக்கள் உள்ளன. 1931-ல் வெளியான தம் பெருநூலில் சர் ஜான் மார்ஷல், இவ்வுருவம் பிற்காலத்துச் சிவபெருமானுக்கு முன்னோடியாகிய பசுபதி என்று எழுதினார். மூன்று முகம் உடைமை, யோகவிருக்கை, விலங்குகள் சூழ்தல், சூலம் போன்ற கொம்புமுடி, தக்கிணாமூர்த்தி வடிவிற்போல் பீடத்தின்கீழ் மான் இருத்தல் என்பன அவர் காட்டிய ஏதுக்கள். அன்றுதொட்டு இம்முத்திரை, சைவம் ஐயாயிரம் ஆண்டுச் சமயம் என்பதற்கு அசைக்கமுடியாச் சான்றாக மேடைதோறும் காட்டப்பட்டு வருகின்றது.

ஏதுப்போலிகளை அசித்தம், விருத்தம், அநைகாந்திகம் எனப் பகுத்து மாணாக்கர்க்குக் கற்பிக்கும் நாம், அக்கல்வியை நமக்குச் சார்பான வழக்கிலும் கையாளல் வேண்டும். முதலாவது, மூன்று முகம் என்பது ஏதுவாதற்கு முன் தானே துணியப்படல் வேண்டும். டோரிஸ் சீனிவாசன் என்னும் அறிஞர் 1970-களில் அதனை மீளவும் ஆராய்ந்து, அவ்வுருவின் முகம் மாட்டின் சாயலுடையது என்றும், பக்கத்து முகங்களாகத் தோன்றுவன காதுகளாதல் கூடும் என்றும் காட்டினார். ஹில்டெபைடல் என்பார் 1978-ல் அதனை எருமையுருவினனாகிய மகிடனோடு இயைத்துப் பார்த்தார். ஐயத்துக்கிடமாகிய ஏது அசித்தமாம். யோகவிருக்கை என்பது வேறு முத்திரைகளிலும் உண்டு. ஈலம் நாட்டுப் பழைய முத்திரைகளில் எருதுருவமும் அவ்வாறு அமர்ந்திருக்கின்றது. மான் புத்தர் பீடத்தின்கீழும் உண்டு. கொம்புமுடி மெசொபொத்தேமியத் தெய்வங்கட்கும் உண்டு. பிறவற்றினும் செல்லும் ஏது அநைகாந்திகமாம். விலங்கு சூழ்தலோ எனின், வேதவழக்கிற் பசு என்பது முதன்மையாக மக்கள், குதிரை, ஆ, செம்மறி, வெள்ளாடு என்னும் ஐந்தையே குறிக்கும். முத்திரையிற் சூழ்ந்துள்ள யானையும் புலியும் காண்டாமிருகமும் காட்டு விலங்குகள். ஆதலின் இவ்வேது விருத்தத்தை அணுகும். எழுத்தோ அறிஞர் அனைவரும் ஒப்பும் வகையில் இன்னும் படிக்கப்பெறவில்லை.

அற்றேல், அவ்வுருவம் சிவன் அன்று என்று துணிதும் எனின், அதுவும் கூடாது. மறுப்பார் கூறும் ஏதுக்களும் ஐயத்தை விளைப்பனவேயன்றி முடிவைத் தருவன அல்ல. ஐயத்தை ஐயமென்றே கூறுதல் வாய்மையாம். சான்று துலாக்கோலிற் சமமாக நிற்பவும், நம் விருப்பத்தின் கனத்தையும் தட்டில் வைத்து ஒருபுறம் தாழ்ந்தது என்றல் பொய்ம்மையேயாம்.

எள்ளி நகைப்பார் கூற்றும் இவ்வாறே சோதிக்கத்தக்கது. ‘இன்ன காலத்துக்கு முற்பட்ட கற்கோயில் தமிழகத்திற் கிடைக்கவில்லை, ஆதலின் அதற்குமுன் கோயில் வழிபாடே இல்லை’ என்பார் உளர். இவர் கொண்டது அநுபலத்தியேது. இருந்தாற் புலப்பட்டே தீரும் பொருள் புலப்படாதாயின், அதன் இன்மை துணியப்படும். இருந்தும் புலப்படாமைக்குக் காரணமுள்ள பொருளின்கண் இவ்வேது செல்லாது. முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் மண்டகப்பட்டிற் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி அயன், அரன், அரி மூவர்க்கும் அக்கோயில் ஆக்கப்பட்டது என்று வியந்து கூறும். முன்னைக் கோயில்கள் அவற்றாலேயே ஆக்கப்பட்டன என்பது அவ்வியப்பாற் பெறப்படும். மரம் மட்கும், செங்கல் கரையும், அவை எஞ்சாமையை அவை இருந்திலாமைக்கு ஏதுவாக்குதல் அளவையறிவன்று.

இனி இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையாகிய வினாவுக்கு வருவாம். நாளையே அம்முத்திரையின் எழுத்துப் படிக்கப்பட்டு, அவ்வுருவம் பசுபதியே என்பது ஐயமற நிறுவப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அதனால் நாம் பெறுவது யாது? நாலாயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட காலத்தில், ஓர் ஆற்றுவெளியில், சில மக்கள் அப்பெயரால் ஒரு தெய்வத்தை வணங்கினர் என்பது பெறப்படும். அஃது அம்மக்களைப் பற்றிய அரிய செய்தி. சமய வரலாற்றுக்கு மிக்க பயனுடையது. ஆயின் பதியைப் பற்றிய செய்தி அன்று. நம் நூல்களிற் பசு என்பது விலங்கன்று. பாசத்தாற் கட்டுண்ட ஆன்மா. அவ்வான்மாவுக்கு உள்நின்று அறிவிக்கும் பதி தோற்றமும் ஒடுக்கமும் இல்லாத அநாதிப்பொருள். அநாதியாகிய பொருளை ஐயாயிரம் ஆண்டினன் என்று பெருமைப்படுத்துவார், பிறவாதானுக்குப் பிறந்தநாள் குறிப்பாரை ஒப்பர். அவ்வுருவம் வேறொன்று என நிறுவப்படினும், அதனால் நாம் இழப்பது யாதுமில்லை. முத்திரை கிடைப்பதற்கு முன் வாழ்ந்த அடியார்க்கு அன்பு குறைந்திருந்ததும் இல்லை.

பழமையே பெருமை என்னும் எண்ணமும் சித்தாந்தத்துக்கு உடன்பாடன்று. பழமை என்ற ஒன்றுபற்றி நூலை நன்றென்று கொள்ளுதலும், புதுமை என்ற ஒன்றுபற்றித் தீதென்று தள்ளுதலும் தகாவென்பதனை உமாபதிசிவாசாரியர் சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்திலேயே உணர்த்தினார். கொள்கையின் மெய்ம்மையை ஆண்டெண்ணிக்கையால் அளப்பாரை அவர் ஏலார் என்பது தெளிவு. உலகில் மிகப் பழமையான பிழைகளும் உள.

இதிற் பிறர்க்கு விளையும் கேடும் ஒன்றுண்டு. இளைஞன் ஒருவனுக்கு ‘உன் சமயம் மெய் என்பதற்கு இம்முத்திரை சான்று’ என்று கற்பித்தோமாயின், அவன் பின்னர்க் கல்லூரியில் அச்சான்று ஐயத்துக்குரியது என்று கற்கும்பொழுது முத்திரையோடு சமயத்தையும் கைவிடுவான். கைவிட்ட பழி அவனதன்று; மணல்மேல் கட்டிக்கொடுத்தாரது. ஞானத்துக்கு ஞானமே சான்று என்று கற்பிக்கவேண்டிய இடத்தில் களிமண்ணைச் சான்றாகக் காட்டினமையின் பயன் அது.

புராணத்தைப் பொருளுணர்ந்து கொள்ளும் முறையை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். பொன்னும் வெள்ளியும் இரும்புமாகிய மூன்று மதில்களை இறைவன் எரித்தான் என்பது புராணம். மும்மலங்களின் செயலை அழித்தலே அதன் கருத்து என்று திருமூலர் விளக்கினார். அம்மதில்களின் உருகிய துகளைத் தேடி அவர் எந்நிலத்தையும் அகழ்ந்திலர். அத்துகள் ஒருகால் கிடைப்பினும், அகழ்ந்தவனுடைய ஆணவம் அதனால் எரிந்துபோதல் இல்லை.

அங்ஙனமாயின் புராணம் அனைத்தும் உருவகமேயோ எனின், அன்று. அடியார் வரலாறுகள் நிலவுலகில் நிகழ்ந்தனவற்றையும் தம்முட் கொண்டவை. அப்பகுதிகள் உலகியற் சான்றால் விளக்கம் பெறும். சிறுத்தொண்ட நாயனார் படைத்தலைவராய்ச் சென்று வாதாபியை அழித்தார் என்று பெரியபுராணம் கூறும். முதலாம் நரசிம்மவர்மன் 642-ஆம் ஆண்டளவில் வாதாபியைக் கொண்டமை கூரம் செப்பேட்டாலும், வாதாபியிலேயே பாறையிற் பொறித்த அவன் கல்வெட்டாலும் அறியப்பட்டது. இவ்வியைபு கொண்டே கல்வெட்டறிஞர் வெங்கையர் முதலியோர், நாயனாரோடு ஒருகாலத்தவராகிய திருஞானசம்பந்தரை ஏழாம் நூற்றாண்டினர் என்று துணிந்தனர். சேக்கிழார் செவிவழியாகப் பேணிய செய்தியைக் கல் ஐந்நூறு ஆண்டு முன்னரே எழுதிவைத்திருந்தது. ஆயினும் சீராளனை அழைத்தபொழுது அவன் ஓடிவந்தான் என்பதற்குக் கல்வெட்டுத் தேடுதல் முறையன்று. வாதாபி கருதலுக்கு விடயம். அருள் உரைக்கும் அநுபவத்துக்கும் விடயம்.

சிற்சில இடங்களிற் கல்லும் கதையும் மாறுபடவும் கூடும். தேவாரப் பதிகங்கள் உலகில் மறைந்திருந்தன என்றும், சோழமன்னனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லையிற் செல்லரித்த ஏடுகளாக அவற்றைக் கண்டெடுத்தனர் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். திருவல்லத்தில் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவர் கல்வெட்டோ, திருக்கோயிலில் திருப்பதியம் பாடுவாரைக் குறிக்கின்றது. ஆகவே, இராசராசனுக்கு முன்னரே பதிகம் பாடும் மரபு சில கோயில்களில் இடையறாது இருந்தது என்று கொள்ளல் வேண்டும். இதனைச் சொல்ல அஞ்சுதல் வேண்டா. சிதறியவற்றைத் தொகுத்து முறைப்படுத்திய தொண்டின் அருமையே புராணத்தின் கருத்து. அத்தொண்டின் பயனைத் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டிலே காணலாம். பதிகம் விண்ணப்பிக்க நாற்பத்தெண்மரை இராசராசன் நியமித்தமை ஆண்டுப் பொறிக்கப்பட்டுள்ளது.

இங்ஙனம் மண்வெட்டியின் எல்லையை வரையறுத்தமையால் அதனை இகழ்ந்தோமாகக் கொள்ளற்க. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சீகாழிச் சட்டைநாதர் திருக்கோயிலிற் குடமுழுக்குக்கு வேள்விச்சாலை அமைக்க மண்ணெடுத்தபொழுது, ஐம்பொன் திருமேனிகளும் தேவாரப் பதிகங்கள் பொறித்த நானூற்றுக்கு மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. சோழர்காலத்துத் தலைவனாகிய நரலோகவீரன் மூவர் பதிகங்களையும் செப்பேட்டிற் பொறிப்பித்தான் என்பது தில்லைக் கல்வெட்டால் முன்பே தெரிந்தது. அத்தகைய வழக்கு உண்மையில் நிலவியதனைச் சீகாழிச் செப்பேடுகள் கண்முன் காட்டின. அவனது செப்பேடுகளே இவை என்று ஒருவர் உடனே துணிவாராயின், அது டிராய் நகரிற் பிரியம் மன்னனது செல்வத்தைக் கண்ட கதையாய் முடியும். எழுத்தின் வடிவம், பாடவேறுபாடு, பதிகமுறை என்பனவற்றை ஆராய்ந்து காலம் துணிதலே கடமையாம். அச்செப்பேடுகள் பதிகத்தின் மெய்ம்மைக்குச் சான்றல்ல. பதிகத்தைக் காத்தாருடைய அன்புக்குச் சான்றாவன. கேடு வரும் என்றஞ்சிய காலத்திலே, பொன்னைப் புதைப்பார் போல் பதிகத்தைப் புதைத்தனர் போலும். மண் காட்டவல்லது அடியாருடைய தொண்டு. அதற்கு மேற்பட்டதனை அதனிடம் கேளாதிருப்பின், அது தருவது மிகப் பெரிது.

இதனாற் கோயில்களையும் மடங்களையும் பேணும் பெருமக்கட்குக் கடமை இரண்டு உளவாம். ஒன்று, பொருளைக் காத்தல். திருப்பணியின்போது கல்வெட்டுள்ள சுவரைப் பிரித்து எழுத்து மாறி அடுக்குதலும், மணலை வீசிக் கல்லைத் துலக்குதலால் எழுத்துத் தேய்தலும், பழைய தளத்தைப் படியெடாது பெயர்த்தலும் முன்னோர் தொண்டின் சாட்சியை வாய்மூடுதலாம். மற்றொன்று, சொல்லைக் காத்தல். கண்டதனைக் கண்டது என்றும், கருதியதனைக் கருதியது என்றும், அருளாசிரியர் உரைவழி அறிந்ததனை உரைவழி அறிந்தது என்றும் வேறுவேறாகச் சொல்லல் வேண்டும். ஒன்றன் மதிப்பை மற்றொன்றற்குக் கடன்வாங்கிக் கொடுத்தல் ஆகாது. கருதலில் ஐயம் தோன்றின் அதனை மறையாது கூறும் சைவனது வாய்க்கு, அவன் பதியிலக்கணம் கூறும்பொழுதும் உலகம் செவிகொடுக்கும். முன்னதிற் பொய்த்தவன் பின்னதில் மெய்யே கூறினும், கேட்பார் ஐயுறுவர்.

திருச்சிற்றம்பலம்.